அளக்கும் டேப்பை அப்புறம் எடுங்கள், முதலில் ஸ்டிக்கரைப் பாருங்கள்

அமெரிக்காவில் இழுத்துப் போகிற மாதிரி ட்ரெய்லர் மேலேயே குட்டி வீடு கட்டப் பழைய ட்ரெய்லர் பார்க்கப் போனால், இடப்பக்கம் முன்பாதியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஜிவிடபிள்யூஆர் (GVWR, ட்ரெய்லரும் அதன் மேல் உள்ள பாரமும் சேர்ந்து இருக்கக்கூடிய அதிகபட்ச எடை) என்று போட்டிருக்கும் எண்ணிலிருந்து ட்ரெய்லரின் சொந்த எடையைக் கழித்துப் பாருங்கள், மிஞ்சுவதுதான் கட்டில், பாத்திரம், தண்ணீர் எல்லாம் சேர்த்து உங்கள் வீட்டுக்குக் கிடைக்கும் எடை. விற்பவர் 20 அடி, 20 அடி என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார். நீளமா பாரம் தாங்கும்? ஆக்சில் என்கிற சக்கர அச்சு, டயர், சேஸ் என்கிற அடிச்சட்டம், இவைதான் தாங்கும். 3,500 பவுண்டு தாங்கும் ஆக்சில் இரண்டு என்றால் மொத்தமே 7,000, அதில் ட்ரெய்லரே 2,000 இருந்தால் மிச்சம் 5,000தான், ஆனால் 20 அடி மரவீடு சர்வசாதாரணமாக 10,000 பவுண்டைத் தொட்டுவிடும். அதனால் 7,000 பவுண்டு ஆக்சில் இரண்டு உள்ளதாகத் தேடுங்கள். ஆக்சிலை மட்டும் பெரிதாக மாற்றிக்கொள்ளலாமே என்பார்கள், நம்ப வேண்டாம், கீழே இருக்கும் சேஸ் அதே பழசுதானே.

வீட்டில் வெல்டிங் செய்த ட்ரெய்லருக்கு இந்தக் கணக்கு உதவாது, ஸ்டிக்கர் இருக்காது, இருந்தாலும் யார் எழுதிய எண்ணோ. வீட்டைத் தூக்கி அஸ்திவாரத்தில் உட்கார வைத்து இனி நகர்த்தவே போவதில்லை என்றால் இவ்வளவு பார்க்க வேண்டியதில்லை.