கொழும்பு வீட்டின் மரத்தளம்: நாமே புதுப்பிப்பதா, தொழிலாளரிடம் கொடுப்பதா?

தேக்கு, பலா, முதிரைப் பலகைகள் பாவிய தளம் மங்கத் தொடங்கியதும் பெரும்பாலானோர் முதலில் கேட்பது செலவைத்தான். அதற்கு முன்னர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: தேய்ந்திருப்பது மேற்பூச்சு மட்டுமா, அல்லது தேய்வு மரத்தையே எட்டிவிட்டதா? பூச்சோடு நின்றிருந்தால் பொறுமையுள்ள எவரும் அந்த வேலையைத் தாமே செய்யலாம். மரத்தை எட்டியிருந்தால், முதன்முறை செய்பவர் தொழிலாளரை அழைப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

முதலாவது: தளத்தை இனங்காணுதல்

கதவு நிலையின் அடியிலோ, சுவரோரப் பலகையைக் கழற்றிய இடத்திலோ தளப் பலகையின் வெட்டுமுகத்தைப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே மரமாக, ஏறத்தாழ 19 மில்லிமீற்றர் தடிப்பில் இருந்தால் அது முழுமரப் பலகை. ஒட்டுப்பலகையின் மேல் மெல்லிய மரத்தோல் ஒட்டியிருந்தால் அந்தத் தோலின் தடிப்பை அளந்துகொள்ளுங்கள். இயந்திரத்தால் ஒருமுறை முழுமையாகத் தேய்க்கும்போதே 1 மில்லிமீற்றர் அளவுக்கு மரம் போய்விடும் என்பதால், 2 மில்லிமீற்றருக்குக் குறைந்த தோலின் மேல் அந்த இயந்திரத்தை வைக்கவே கூடாது. லமினேட் என்பது மரத்தின் படம் அச்சிட்ட தாளின் மேல் பூசிய பிசின். அதைத் தேய்த்துப் புதுப்பிக்க முடியாது.

இரண்டாவது: மூன்று எளிய சோதனைகள்

நடமாட்டம் அதிகமுள்ள இடத்தில் சில துளி நீரை விட்டுச் சில நிமிடங்கள் பாருங்கள். துளி முத்தாக நின்றால் பூச்சு இன்னும் உயிருடன் இருக்கிறது. நீர் உறிஞ்சப்பட்டு மரம் கறுத்தால் பூச்சு போய்விட்டது. அடுத்து, மறைவான மூலையில் மெதிலேற்றட் ஸ்பிரிட் நனைத்த துணியை வைத்துப் பாருங்கள். பூச்சு இளகி ஒட்டும் தன்மை பெற்றால் அது அரக்குப் பொலிஷ். மற்றொரு மூலையை டர்பன்டைனால் துடைக்கும்போது துணியில் மஞ்சள் அல்லது பழுப்புக் கறை ஏறினால் மெழுகு பூசியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். மெழுகின் மேல், தளங்களுக்குப் பூசும் கடினமான பூச்சாகிய பொலியுரேத்தேன் (நீர்சார், எண்ணெய்சார் என இரு வகை) பிடிக்காது. பழைய வீட்டுத் தளத்தில் பெயின்ற் அடிக்கப்பட்டிருந்தால் அதில் ஈயம் இருக்கக்கூடும். அதனை உலர்ந்த நிலையில் ஒருபோதும் தேய்க்காதீர்கள், குறிப்பாகக் குழந்தைகள் உள்ள வீட்டில்.

பலகையைச் சாவியால் தட்டும்போது வெற்றொலி கேட்டாலோ, ஓரங்களில் மண் கோடுகள் தெரிந்தாலோ கறையான் பிடித்திருக்கலாம். அதற்கு மருந்தடிக்கும்வரை மற்ற எந்த வேலையும் வீண்.

மூன்றாவது: காலத்தைத் தேர்ந்தெடுத்தல்

வெளிநாட்டு வழிகாட்டிகளில் மரத்தின் ஈரப்பதன் 6 முதல் 9 சதவீதம் இருக்க வேண்டும் என்று காண்பீர்கள். கொழும்பின் காற்றில், குளிரூட்டி ஓடாத அறையில் மரம் 14, 15 சதவீதத்தில்தான் நிலைகொள்ளும். ஆகவே அந்த எண்ணைத் துரத்தாமல், மரம் ஒரே அளவில் நிலைத்திருக்கிறதா என்பதையே ஈரமானியால் சில நாட்கள் பாருங்கள். மே மாத மழையையும் ஒக்டோபர், நவம்பர் மழையையும் தவிர்த்து, ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதிவரை இவ்வேலையை வைத்துக்கொள்வது நலம். ஈரம் மிகுந்த நாளில் பூச்சு உலரத் தாமதிக்கும். விரைவில் உலரும் கரைப்பான் பூச்சுகளாகிய லக்கர் வகைகள் பால்போல் வெளுத்தும் போகும்.

நான்காவது: நீங்களே மறுபூச்சுப் பூசுதல்

நீர்ச் சோதனையில் தேறிய, மெழுகில்லாத தளத்துக்கு இதுவே போதும். பழைய சோனகத் தெருவின் ஹாட்வெயார் கடைகளில் 150 இலக்க அரத்தாள் (இலக்கம் கூடக்கூடத் தாள் நயமானது), நீண்ட பிடியுள்ள தேய்ப்பான், N95 முகக்கவசம், நல்ல பூச்சுத் தூரிகை ஆகியவற்றைத் தேடி வாங்கிக்கொள்ளுங்கள். தளத்தை நன்கு சுத்தஞ்செய்து உலரவிட்டபின், பளபளப்பு சீராக மங்கும்வரை மரத்தின் இழையோட்டத்தில் தேய்க்க வேண்டும். மரம் வெளியே தெரியும்வரை அல்ல. தூசியை வக்யூம் கிளீனரால் உறிஞ்சிய பின்னர், நீர்சார் பூச்சாயின் சற்றே ஈரமான துணியாலும், எண்ணெய்சார் பூச்சாயின் டர்பன்டைன் தொட்ட துணியாலும் துடையுங்கள்.

முழு அறையிலும் இறங்குவதற்கு முன் ஒரு மூலையில் சிறிதளவு பூசி, நன்கு உலர்ந்ததும் நாணய விளிம்பால் சுரண்டிப் பாருங்கள். பூச்சு உரிந்து வந்தால் பழைய பூச்சுடன் அது பொருந்தவில்லை. அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பொருந்தினால், டின்னைக் குலுக்காமல் மெதுவாகக் கலக்கி, வாசலுக்கு எதிர்ச்சுவரிலிருந்து வாசலை நோக்கி, ஈர விளிம்பு உலர்வதற்குள் அடுத்த பட்டையைச் சேர்த்துப் பூசி வாருங்கள். எண்ணெய்சார் பூச்சு பூசும் நாளில் சுவாமி அறை விளக்கும் சாம்பிராணியும் வேண்டாம், எரிவாயு அடுப்பையும் அணைத்து வையுங்கள். யன்னல்கள் திறந்திருக்கட்டும், மின்விசிறி மட்டும் ஈரப்பூச்சின் மேல் நேரே வீசக் கூடாது. எண்ணெய் ஊறிய துணிகளைச் சுருட்டிக் குவித்தால் அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றும். வெளியே ஒவ்வொன்றாக விரித்து உலர்த்துங்கள்.

ஐந்தாவது: முழுத் தேய்ப்புக்கு ஆளை அமர்த்துதல்

உருளைத் தேய்ப்பு இயந்திரம் ஓரிடத்தில் ஒரு கணம் நின்றாலே பள்ளம் விழும், அந்தப் பள்ளம் பூச்சு ஏறியதும் வெளிச்சத்தில் இன்னும் தெளிவாகத் தெரியும். பழைய வயரிங் உள்ள வீட்டில் அதன் மின்சுமையும் கவலைக்குரியது. முதிரைத் தூசி சிலருக்குத் தோல் அழற்சியைத் தரும். தேக்குத் தூசியும் அவ்வாறே. இவ்வளவும் சேர்ந்தே இவ்வேலையைத் தொழிலாளரிடம் விடச் சொல்கிறேன்.

எனினும் மேற்பார்வை உங்களுடையது. எந்தெந்த இலக்க அரத்தாள்களில் தேய்ப்பார் என்று கேளுங்கள். 40, 60, 80, 100 என்ற வரிசை முறையானது, நடுவில் தாவினால் கீறல்கள் எஞ்சும். ஆணித்தலைகளை உள்ளே அடித்து இறக்குவாரா, சுவரோரங்களுக்குத் தனி இயந்திரம் உண்டா, தூசியை உறிஞ்சும் கருவி இணைப்பாரா என்பவற்றையும் விசாரியுங்கள். தளபாடங்களுக்குப் பொலிஷ் செய்து பழகிய பாஸ்மார் (கைவினைத் தொழிலாளர்) சிலர் அரக்கையோ நைட்ரோசெல்லுலோஸ் லக்கரையோ தளத்துக்கும் பூச முன்வருவார்கள். கதிரைக்கும் மேசைக்கும் அழகான அவை, கால் நடமாட்டத்தைத் தாங்கா. தளத்துக்குரிய பொலியுரேத்தேன் மூன்று பூச்சு வேண்டும் என்று சதுர அடிக் கணக்குடன் எழுத்தில் பெறுங்கள். தேக்காயின், அதன் இயற்கை எண்ணெய் பூச்சைப் பிடிக்கவிடாது. பூசுவதற்குச் சற்று முன் கரைப்பானால் துடைக்கச் சொல்லுங்கள். அவர் செய்து இரண்டு, மூன்று ஆண்டுகள் கடந்த தளம் ஒன்றை நேரில் பார்ப்பது எந்த உத்தரவாதத்தையும்விட மேல்.

பூசி முடிந்தபின்

ஒரு நாள் கழித்து வெறுங்காலுடன் அல்லாமல் காலுறையுடன் நடக்கலாம். தளபாடங்களைச் சில நாட்களின் பின், கால்களில் கம்பளித் துண்டு ஒட்டி, இழுக்காமல் தூக்கி வையுங்கள். கம்பளத்தை விரிக்க நீர்சார் பூச்சுக்கு இரண்டு வாரமும் எண்ணெய்சார் பூச்சுக்கு ஒரு மாதமும் பொறுத்திருங்கள்.