கெக்கோவுக்குப் பெட்டி வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கெக்கோ என்ற பல்லி வகையை வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் பல்லியை முதலில் பிடித்துப்போய் வாங்கிவிடுகிறார்கள். அது இருக்கப்போகும் பெட்டியை, கையில் மிச்சமிருக்கும் பணத்துக்குக் கடைசி நேரத்தில் பார்க்கிறார்கள். அதிலும் வரவேற்பறைக்கு எடுப்பாக இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. தீக்காயம், விரல் உதிர்வது, சாப்பிடாமல் மெலிவது என்று மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வைக்கும் பிரச்சினைகளில் நிறைய இந்தப் பெட்டியில்தான் தொடங்குகின்றன. நன்றாகக் கவனித்துக்கொண்டால் லெபர்ட் கெக்கோ 15, 20 ஆண்டுகள் வாழும். அத்தனை காலமும் அது இருக்கப்போவது இந்தப் பெட்டிக்குள். அதனால் நமக்குப் பிடித்ததை விட்டுவிட்டு, அந்த இனம் தன் ஊரில் எப்படி வாழ்கிறது என்று பார்த்துப் பெட்டி வாங்க வேண்டும்.

உயரமா, நீளமா

சுவரில் ஓடும் வீட்டுப் பல்லியைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். கெக்கோ என்றாலே ஏறும் என்று நினைத்து உயரமான தொட்டியை வாங்கிவிடுகிறோம். லெபர்ட் கெக்கோவின் விரல்களில் ஒட்டிக்கொள்ளும் திண்டுகள் கிடையாது; நகம் மட்டும்தான். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய பகுதிகளின் வறண்ட, பாறை நிறைந்த நிலத்தில் பகலைக் கல்லிடுக்கில் கழித்துவிட்டு அந்தி சாய்ந்ததும் இரை தேடக் கிளம்புகிற தரைவாசி அது. உயரமான தொட்டியில் மேல்பாதி அதற்கு வீண். அழகுக்கு நட்டு வைத்த கிளையில் ஏறி விழுந்தால் அடிபடவும் செய்யும். அதற்கு வேண்டியது தரைப் பரப்பு. வளர்ந்த ஒன்றுக்கு 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம் என்பது இன்று பலரும் ஏற்றுக்கொண்ட அளவு. சுமார் 40 லிட்டர் தொட்டி போதும் என்று சொல்லும் பழைய கையேடுகளை நம்ப வேண்டாம்.

கிரெஸ்டட் கெக்கோவுக்கு இது அப்படியே தலைகீழ். நியூ கலிடோனியாத் தீவுகளின் மரக்கிளைகளில் வாழும் இந்த இனம் அழிந்துபோய்விட்டதாகவே நம்பப்பட்டது. 1994இல்தான் மறுபடி கண்ணில் பட்டது. 45 செ.மீ. நீள அகலமும் குறைந்தது 60 செ.மீ. உயரமும் உள்ள நெடும்பெட்டி, அதற்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கிளைகள், அடர்ந்த இலைகள் என்று இருந்தால்தான் அதற்கு நிம்மதி. தண்ணீர்க் கிண்ணம் வைத்திருந்தாலும், நீர் தெளித்த பிறகு இலையிலும் கண்ணாடியிலும் நிற்கும் துளிகளை நக்கிக் குடிப்பதைத்தான் அடிக்கடி பார்க்கலாம். கடைக்காரர் இரண்டு இனத்துக்கும் ஒரே பெட்டியைக் காட்டினால், அவருக்கு அந்தப் பிராணியைப் பற்றித் தெரியவில்லை என்று அர்த்தம்.

சூட்டில்தான் அதிகம் தவறுகிறார்கள்

கெக்கோவால் தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாது. சூடு வேண்டுமென்றால் சூடான இடத்துக்கு நகரும், போதுமென்றால் குளிர்ந்த பக்கம் வந்துவிடும். இரை செரிப்பது, நோயை எதிர்ப்பது எல்லாம் இந்த நடமாட்டத்தை நம்பித்தான் இருக்கிறது. பெட்டி நீளமாக இருக்க வேண்டும் என்பதற்கு முக்கியக் காரணமும் இதுதான். லெபர்ட் கெக்கோவுக்கு ஒரு முனையில் தரைச் சூடு 31, 32 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், மறுமுனை 24, 25இல் நிற்க வேண்டும். சின்னப் பெட்டியில் ஹீட் மேட்டை, அதாவது அடியில் விரிக்கும் மின்சூட்டு விரிப்பைப் போட்டால் மொத்தப் பெட்டியும் ஒரே சூட்டுக்கு வந்துவிடும். பாவம், அதற்கு ஒதுங்க இடமிருக்காது.

ஹீட் மேட் வாங்குகிறவர்கள், சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட் என்ற கருவியை வாங்காமல் விடுவது இன்னும் பெரிய தவறு. கட்டுப்பாடு இல்லாத மேட், அதன் மேலிருக்கும் கண்ணாடியை 45 டிகிரிக்கு மேலும் கொண்டுபோய்விடும். பெட்டிக்குள் காற்றைத் தொட்டால் சும்மா இளஞ்சூடாகத்தான் தெரியும். ஆனால் பல்லி வயிற்றைத் தரையோடு ஒட்டி வைத்துப் படுத்திருக்கும்; சூடு அதிகமானாலும் பல சமயம் அங்கிருந்து நகராது. வயிற்றில் சிவந்த தழும்போ கொப்புளமோ தெரியும்போதுதான் நமக்கே உறைக்கும். தெர்மோஸ்டாட்டின் சென்சாரைப் பல்லி படுக்கும் இடத்திலேயே, அது இழுத்துப் போட்டுவிடாதபடி பொருத்துங்கள். மேட் தரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. தொட்டியில் ஒட்டும் வட்ட முள் வெப்பமானி காட்டுவது கண்ணாடியின் சூடு, அதுவும் தோராயமாக. சென்சார் வயர் உள்ள டிஜிட்டல் வெப்பமானி ஒன்று வாங்கி இரு முனையிலும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். உள்ளே மின்கம்பி ஓடும் ‘சூட்டுக் கல்’ என்று ஒன்று விற்கிறார்கள். அதை வாங்கவே வாங்காதீர்கள். தீக்காயத்துக்குப் பேர்போன சாமான் அது.

பெட்டியை ஜன்னலோரம் வைப்பதும் இந்தக் கணக்கில்தான் வரும். வெயில் பட்டால் நல்லது என்று நினைப்போம். உடம்புக்குத் தேவையான யுவிபி என்ற புற ஊதாக் கதிரைப் பெரும்பாலும் கண்ணாடி தடுத்துவிடும், வெறும் வெக்கை மட்டும் உள்ளே புகுந்து வெளியேற முடியாமல் தேங்கும். அரை மணி நேர நேர்வெயில் போதும், சின்னக் கண்ணாடித் தொட்டிக்குள் இருப்பது செத்துப்போக.

அப்புறம், நம் ஊர் நிலைமை. இதுபற்றிக் கிடைக்கும் ஆலோசனைகளில் முக்கால்வாசி குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியவை. எப்படிச் சூடாக்குவது என்றுதான் அவர்கள் கவலை. மே மாதத்தில் சென்னையிலோ மதுரையிலோ மதிய நேரத்தில் அறையே 35 டிகிரிக்குப் போகும்போது, குளிர்ந்த முனை எங்கிருந்து வரும்? லெபர்ட் கெக்கோவாவது ஓரளவு தாங்கும். அந்த மாதங்களில் பகலில் மேட்டை அணைத்துவிட்டு, பெட்டியை மொட்டை மாடிக்கு நேர்கீழே இல்லாத அறையில், தரையை ஒட்டி, மேற்குச் சுவரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். கிரெஸ்டட் கெக்கோ கதை வேறு. அதற்கு 22 முதல் 26 டிகிரிதான் உகந்தது. 28ஐத் தாண்டி நீடித்தால் உயிருக்கே ஆபத்து. நாள் முழுக்க ஏசி ஓடாத வீட்டில் கிரெஸ்டட் கெக்கோ வேண்டாம் என்பேன். மின்வெட்டு வந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கும் கையில் பதில் இருக்க வேண்டும். ஏசி இருந்தாலும் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும், மேல்பக்கம் முழுக்க வலையாக இருக்கும் பெட்டி சீக்கிரமே காய்ந்துவிடும். வலையில் பாதியை மூடி, இரவில் நன்றாக நீர் தெளித்து, மறுநாள் பகலில் காய விடுவது ஒரு வழி. எந்நேரமும் சொதசொதவென்று வைத்தால் பூஞ்சை பிடிக்கும். மீன் தொட்டியைக் கண்ணாடி மூடியோடு அப்படியே பயன்படுத்துகிறவர்களுக்கும் இதே தொல்லைதான். காற்று நகராத ஈரத்தில் சுவாசக் கோளாறு வரும்.

ஒளிய இடம் இல்லாத பெட்டி

நான்கு பக்கமும் கண்ணாடி, நடுவில் ஒரே ஒரு குகை. படமெடுக்க நன்றாக இருக்கும், பல்லிக்கு நரகம். சூடான முனையில் ஒரு பொந்து, குளிர்ந்த முனையில் ஒன்று, ஈரப் பாசி வைத்த மூன்றாவது ஒன்று என்று குறைந்தது மூன்று பொந்துகள் வேண்டும். ஒன்றுதான் என்றால், பாதுகாப்பா சரியான சூடா என்று ஏதாவது ஒன்றை அது விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். பின்பக்கத்தையும் இரு பக்கவாட்டையும் வெளியிலிருந்து கறுப்புத் தாள் ஒட்டி மறைத்துவிடுங்கள். குட்டியைப் பெரிய பெட்டியில் விட்டால் பயப்படும் என்பார்கள். பயம் வருவது வெட்டவெளியால். மரப்பட்டை, கல், செயற்கை இலை என்று நிறைத்து வைத்தால் பெரிய பெட்டியிலும் குட்டி தைரியமாகச் சுற்றும்.

அந்த ஈரப் பொந்தைத் தேவையில்லாத செலவு என்று விட்டுவிடாதீர்கள். தோலுரிக்கும் நாளில் லெபர்ட் கெக்கோ வெளுத்துச் சாம்பல் பூத்தாற்போல் ஆகி, பழைய தோலை வாயால் இழுத்துத் தானே தின்றுவிடும். காற்று வறண்டிருந்தால் விரல்களில் மட்டும் மெல்லிய வளையமாகத் தோல் நின்றுவிடும். உற்றுப் பார்த்தால்தான் தெரியும். காயக் காய அது இறுகி, ரத்த ஓட்டம் நின்று, விரல் நுனி கறுத்து உதிர்ந்துவிடும். மூடியுள்ள ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பா, அதில் ஓரம் மழமழப்பாக்கிய ஒரு துளை, உள்ளே ஈரமான பாசி அல்லது டிஷ்யூ. அவ்வளவுதான் செலவு.

தரை, கல், கதவு

குட்டிகளுக்கும் புதிதாக வந்தவற்றுக்கும் மணல் போடாதீர்கள். இரையோடு சேர்த்து விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். ‘கால்சியம் மணல்’ என்று விற்பதும் அதே மணல் வேலையைத்தான் செய்யும். முதலில் வெறும் டிஷ்யூ, பிறகு சொரசொரப்பான தரை டைல்ஸ் போதும். வீடு கட்டி மிச்சமான டைல்ஸை அளவுக்கு வெட்டிப் போடலாம். சூட்டைச் சீராகப் பரப்பும், கழுவ எளிது. மண் போடுவதாக இருந்தால், கனமான கல்லை நேராகத் தொட்டியின் அடித்தரையில் நிறுத்தி, அதன் பிறகே மண்ணை நிரப்புங்கள். மண்ணின் மேல் கல்லை வைத்தால், பல்லி அடியில் தோண்டும்போது கல் சரிந்து நசுக்கிவிடும்.

மேல்மூடியைவிட முன்பக்கம் திறக்கும் கதவு நல்லது. மேலிருந்து இறங்கும் கை அதற்குப் பருந்து போலத்தான். கதவிடுக்கிலும் வயர் துளையிலும் குட்டி நுழைய முடியுமா என்று பாருங்கள். பெரிய பெட்டிதானே என்று இரண்டு ஆண்களை ஒன்றாக விட்டால் கடித்துக் குதறிக்கொள்ளும். ஆணையும் பெண்ணையும் சேர்த்து வைத்தால் பெண் ஓயாமல் முட்டையிட்டு உருக்குலைந்துவிடும். ஒரு பெட்டிக்கு ஒன்று, அவ்வளவுதான்.

பணம் கட்டுமுன் சட்டத்தையும் பாருங்கள். சிங்கப்பூரில் லெபர்ட் கெக்கோ வளர்க்க அனுமதியே கிடையாது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கும் டோக்கே கெக்கோ போன்ற இனங்களைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம்.

பெட்டி வந்த அன்றே பல்லியையும் கொண்டுவந்துவிடுவதுதான் கடைசித் தவறு. மேட், தெர்மோஸ்டாட், பொந்துகள் எல்லாவற்றையும் வைத்து, பெட்டியைக் காலியாகவே ஒரு வாரம் ஓட விடுங்கள். மதியம் இரண்டு மணிக்கும் விடிகாலையிலும் இரு முனைகளின் அளவையும் குறித்து வாருங்கள். தச்சரிடம் சொல்லிச் செய்த மரப்பெட்டி என்றால் வார்னிஷ், சிலிகான் வாடை முழுக்கப் போகும்வரை இன்னும் சில நாள் காத்திருக்க வேண்டியிருக்கும். அளவுகள் ஒரு வாரமும் நிலையாக நின்றால் பல்லியை வாங்கப் போகலாம்.