பொங்கலுக்கு வேகவைத்த கிழங்கு மிஞ்சிவிட்டதா?

பொங்கலுக்கு மறுநாள் எங்கள் வீட்டு அடுப்படியில் கரும்புச் சக்கைக்கு அடுத்தபடியாகக் கிடப்பது வேகவைத்த சக்கரவள்ளிக் கிழங்குதான். படையலுக்கு ஒரு கிலோ போதும் என்றுதான் தருமபுரி உழவர் சந்தைக்குப் போவேன். "மூணு கிலோவா எடுத்துக்கோக்கா, சேர்த்துப் போட்டுத் தரேன்" என்றதும் பை நிறைந்துவிடும். சுடச்சுட ஆளுக்கு ஒன்று தின்பார்கள், அவ்வளவுதான். சாயங்காலம் பார்த்தால் கிழங்கு இறுகிப் போய், தின்றால் நெஞ்சை அடைக்கும்.

சமையலுக்குப் புதியவர்கள் முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ஆறிய கிழங்கை நேற்றைய சுடு கிழங்காகத் திருப்பப் பார்ப்பதில்தான் கோட்டை விடுகிறோம். வேகும்போது தண்ணீரைக் குடித்துக் குழைந்த மாவுச்சத்து, ஆற ஆற மறுபடி இறுகிக்கொள்ளும். ஆறிய களி கெட்டியாவதும் இதே கதைதான். சூடு பண்ணினால் இளகும், ஆனால் பழையபடி ஆகாது. அது ஒரு குறையும் இல்லை. சுடு கிழங்கை நறுக்கிப் பாருங்கள், கத்தியில் அப்பிக் கூழாகிவிடும். ஆறியதை நறுக்கினால் ஓரம் உடையாமல் வில்லை வில்லையாக விழும். நறுக்க, வதக்க, பிசைய மறுநாள் கிழங்குதான் தோது.

1. எடுத்து வைப்பது

வெந்த தண்ணீரை வடித்துவிட்டுக் கிழங்கைத் தோலோடு தட்டில் பரப்பி ஆறவிடுங்கள். தோல் இருந்தால் உள்ளே காயாது. 2 மணி நேரத்துக்குள் மூடி போட்ட டப்பாவில் ஃபிரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். அங்கே 3 நாள், மிஞ்சினால் 4 நாள் இருக்கும்.

போன வருஷம் நான் சூட்டோடு எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடி, மேடையிலேயே விட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் திறந்தால் மூடியின் உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தது. கிழங்குத் தோல் வழவழவென்று, புளித்த வாடை. கழுவித் தாளித்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் சபலம் வந்தது. செய்யாதீர்கள். அந்த நிலைக்கு வந்ததைக் கொதிக்க வைத்தாலும் சரியாகாது.

ஃபிரிட்ஜ் இல்லையென்றால் அன்று ராத்திரிக்குள் தீர்த்துவிடுங்கள். தை மாசக் குளிரை நம்பி வெளியே வைக்க வேண்டாம், ஓசூர்க் குளிரே ஆனாலும்.

2. தொட்டுப் பார்த்து, தின்று பார்த்துப் பிரிப்பது

கட்டை விரலால் அழுத்துங்கள். விரல் பதியாமல் கெட்டியாக இருந்தால் வறுவலுக்கு. குழைந்திருந்தால் ரொட்டிக்கோ பூரணத்துக்கோ.

அப்புறம் ஒரு துண்டு வாயில் போட்டுப் பாருங்கள். கிழங்கில் இருக்கும் நொதி மாவுச்சத்தை இனிப்பாக மாற்றுவது மெதுவாகச் சூடேறும் நேரத்தில்தான். அதனால் தணலில் சுட்டது தேனாக இனிக்கும், குக்கரில் அவசரமாக விசில் விட்டது சப்பென்று இருக்கும். சப்பென்று இருப்பதை மறுநாள் என்ன செய்தாலும் இனிக்காது, காரத்துக்கு ஒதுக்கிவிடுங்கள். கசந்தால் துப்பிவிடுங்கள். கூன்வண்டு துளைத்த கிழங்கு அப்படித்தான் கசக்கும், எத்தனை மிளகாய் போட்டாலும் போகாது.

3. சும்மா தின்பதற்குச் சூடு பண்ணுவது

இட்லிப் பானையில் தண்ணீர் கொதித்ததும் கிழங்கை இரண்டாக வெட்டித் தட்டில் வைத்து 7 நிமிஷம் மூடுங்கள். நடுவில் கத்தியைக் குத்தி எடுத்துத் தொட்டால் சுட வேண்டும். தண்ணீருக்குள் போட்டு மறுபடி வேகவைத்தால் சொதசொதவென்று ஆகிவிடும். மைக்ரோவேவில் வைப்பவர்கள் ஈரத்துணி போர்த்தி வையுங்கள், இல்லாவிட்டால் ஓரம் தோலாகக் காயும். எனக்குப் பிடித்தது தோசைக்கல்தான். அரை விரல் கனத்துக்கு வில்லை போட்டு, கொஞ்சம் நெய் விட்டு, சிறு தீயில் பக்கத்துக்கு 3 நிமிஷம். தொடாமல் விட்டால்தான் ஓரம் பழுப்பாகச் சிவக்கும். அவசரப்பட்டுத் திருப்பினால் பாதி கல்லிலேயே ஒட்டிக்கொள்ளும். வேண்டியதை மட்டும் சூடு பண்ணுங்கள். சூடு பண்ணியது மிஞ்சினால் மறுபடி உள்ளே வைக்காதீர்கள்.

4. கிழங்கு போட்ட ராகி ரொட்டி

இதற்காகவே நான் இப்போதெல்லாம் கூடுதலாக வேகவைக்கிறேன். தமிழ்நாட்டில் கேழ்வரகு அதிகம் விளைவதே தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்தான், அதனால் மாவுக்குப் பஞ்சமில்லை. புதிதாக ரொட்டி தட்டுகிறவர்களுக்கு வரும் தொல்லை ஒன்றுதான், ஓரம் வெடிக்கும். கோதுமையில் இருக்கிற பசைத்தன்மை கேழ்வரகில் கிடையாது. மசித்த கிழங்கு அந்தப் பசையைக் கொடுத்துவிடும்.

மசித்த கிழங்கு 1 டம்ளர், கேழ்வரகு மாவு 1½ டம்ளர், பொடியாக நறுக்கிய வெங்காயம் ஒன்று, பச்சை மிளகாய் 2, முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி, உப்பு. கிழங்கைத் தோல் உரித்துக் கையாலேயே மசியுங்கள், நார் விரலில் சிக்கும், இழுத்துப் போட்டுவிடலாம். முதலில் தண்ணீர் இல்லாமல் எல்லாவற்றையும் பிசறுங்கள். உதிரி உதிரியாக, இது எங்கே சேரப் போகிறது என்று தோன்றும். அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசையுங்கள். உருட்டி அமுக்கினால் ஓரம் பிளக்கக் கூடாது, அதுதான் பதம். பிளந்தால் இன்னும் கொஞ்சம் தெளியுங்கள். கையில் ஒட்டினால் மாவு தூவுங்கள்.

வாழையிலையில் எண்ணெய் தடவி எலுமிச்சையைவிடப் பெரிய உருண்டையை வைத்து, விரலை நனைத்து நனைத்துத் தட்டுங்கள். நடுவில் ஒரு ஓட்டை போடுங்கள், அதில் விடும் எண்ணெய்தான் நடுப்பகுதியை வேகவைக்கும். இலையோடு கல்லில் கவிழ்த்துச் சில நொடி கழித்து இலையை உரித்தால் ரொட்டி தங்கும். மூடி வைத்து மிதமான தீயில் ஒரு பக்கம் 4 நிமிஷம், திருப்பி 3 நிமிஷம். கிழங்கில் இனிப்பு இருப்பதால் வெறும் ராகி ரொட்டியைவிடச் சீக்கிரம் தீயும், பக்கத்திலேயே நில்லுங்கள். தொட்டுக்கொள்ளக் காரமான தக்காளிச் சட்னி.

இணையத்தில் காட்டுகிற ஆரஞ்சு நிறக் கிழங்கு ஈரம் அதிகமானது. அதை வைத்துச் சொன்ன அளவு இங்கே பொருந்தாது. நம் சந்தையில் கிடைப்பது பெரும்பாலும் உள்ளே வெள்ளை, மாவுமாவாக இருக்கும். நான் சொன்னது அதற்கான அளவு.

5. மற்ற இரண்டு

வறுவலுக்குக் கடுகு, உளுந்து, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, வெங்காயம் வதங்கியதும் கடைசியில்தான் கிழங்குத் துண்டுகள். கரண்டி போட்டுக் கிண்டாமல் வாணலியைக் குலுக்குங்கள். இரண்டு நிமிஷத்தில் தேங்காய்ப்பூ தூவி இறக்கிவிடலாம்.

இனிப்பு வேண்டுமென்றால் ஒப்பட்டு, அதாவது போளி. ஓசூரில் இருக்கும் என் அத்தை வீட்டில் இதைக் கெணசு ஒப்பட்டு என்பார்கள், கன்னடம் கலந்த ஊர். ஒரு டம்ளர் மசித்த கிழங்குக்குக் கால் டம்ளர் வெல்லம் போதும். வெல்லம் சேர்ந்ததும் இளகும், பயப்படாமல் கிண்டுங்கள். வாணலியை விட்டுச் சுருண்டு வந்ததும் ஏலக்காய் போட்டு ஆறவிட்டு, மைதா மாவுக்குள் வைத்துத் தட்ட வேண்டியதுதான்.

உரித்த தோலை மாட்டுக்கு வைக்கலாம். ஆனால் பூசணம் பூத்த கிழங்கையும், வண்டு விழுந்து அழுகியதையும் கழுநீர்த் தொட்டியில் போட்டுவிடாதீர்கள். அதில் உண்டாகும் நஞ்சு மாட்டின் நுரையீரலைப் பிடித்து மூச்சுத் திணற வைக்கும். மாடு வாய் வைக்க முடியாத இடத்தில் குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள்.