வாத்தும் கோழியும் ஒண்ணா வளர்க்கிறீங்களா? பறவைக் காய்ச்சல் விஷயத்துல இதை கவனிங்க

காவேரிப்பாக்கம், ஆரணி பக்கமெல்லாம் அறுப்பு முடிஞ்சா வாத்துக்கூட்டம் வயல்ல இறங்கிடும், அதே வரப்புல நம்ம வீட்டு நாட்டுக்கோழியும் மேயும், கவனிக்க வேண்டிய இடமே அதான்.

"வாத்து நல்லாதானே இருக்கு"ன்னு விட்டுடாதீங்க. வாத்துக்கு ரிக்-ஐன்னு ஒரு ஜீன் இருக்கு, ஃப்ளூ வைரஸ், அதாவது பறவைக் காய்ச்சல் வைரஸ், செல்லுக்குள்ள வந்ததும் அதோட ஆர்என்ஏ (வைரஸோட மரபுப்பொருள்) நுனிய பார்த்தே இது வெளியாளுன்னு கண்டுபிடிச்சு, வைரஸை எதிர்க்கிற இன்டர்ஃபெரான்ங்கிற புரதத்தை கிளப்பி விட்டுடும். கோழிக்கு அந்த ஜீனே கிடையாது. 2010-ல கனடாவுல ஆல்பர்ட்டா யூனிவர்சிட்டிக்காரங்க வாத்தோட ரிக்-ஐய கோழி செல்லுல போட்டுப் பார்த்தாங்க, வைரஸ் பெருகுறது குறைஞ்சுது. எனக்கு ரொம்ப பிடிச்ச ஆராய்ச்சி இது.

ஆனா வாத்து தாங்கிக்குதுன்னா அதுகிட்ட வைரஸே இல்லைன்னு அர்த்தம் இல்லீங்க. சாதா ஃப்ளூ வைரஸ் வாத்தோட குடல்லதான் நல்லா பெருகும், எச்சத்துல வெளிய வந்து தண்ணில கலக்கும். எல்லா வகையையும் வாத்து தாங்கிடும்னும் சொல்ல முடியாது, 2002-ல ஹாங்காங்ல எச்5என்1ங்கிற பறவைக் காய்ச்சல் வகை வாத்துங்களையே கொன்னுச்சு, 2014-ல கேரளாவுல ஆலப்புழா பக்கமும் வாத்து நிறைய செத்துச்சு.

அதனால முதல்ல தண்ணி தட்டை பிரிங்க. வாத்து குடிக்கிறதை கிட்ட நின்னு பாருங்க, மூக்கை முழுசா முக்கி அலசும், ரெண்டு நிமிஷத்துல தட்டு சேறாயிடும், அதுலயே நின்னு எச்சமும் போடும், அப்புறம் கோழி வந்து அதையே குடிக்கும். கோழிக்கு தண்ணிய உயரத்துல, வாத்துக்கு எட்டாத மாதிரி வைங்க. ராத்திரி அடைக்கிறதும் தனித்தனியா இருக்கட்டும். சந்தையில வாங்கின உருப்படிய ரெண்டு வாரம் தனியா வச்சுட்டு அப்புறம் கூட்டத்தோட சேர்த்து விடுங்க. வாத்துப்பட்டிக்கு போன செருப்போட கோழிக்கூண்டுக்குள்ள போகாதீங்க, கைய சோப்பு போட்டு கழுவுங்க, இந்த வைரஸோட மேல் உறை கொழுப்பு, சோப்பு அதை உடைச்சிடும்.

வாத்துக்கு கண்ணு வெளுத்து போறது, கழுத்து திருகிக்கிறது, சுத்தி சுத்தி வர்றது, இதெல்லாம் பார்த்தா சும்மா இருக்காதீங்க. கோழி கூட்டமா செத்தா நம்ம ஊர்ல உடனே "வெள்ளைக்கழிச்சல்"னு முடிவு கட்டிடுவாங்க, அதுவும் பறவைக் காய்ச்சலும் வெளியில பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், சாம்பிளை டெஸ்ட் பண்ணாம சொல்லவே முடியாது. செத்ததை அறுக்காதீங்க, ஏரியில, கால்வாய்ல வீசாதீங்க, வித்துடவும் கூடாது. வெறுங்கைல தொடாம, கால்நடை டாக்டருக்கோ, கால்நடை உதவி எண் 1962-க்கோ போன் போடுங்க. சாம்பிள் போபால்ல இருக்கிற மத்திய அரசு லேபுக்கு போய்தான் உறுதியாகும்.

ஒண்ணு மட்டும் கலக்காதீங்க: கோழிக்கு போடுற வெள்ளைக்கழிச்சல் ஊசி அந்த நோய்க்கு மட்டும்தான், அவசியம் போடுங்க, ஆனா ஃப்ளூவுக்கு அது காவல் கிடையாது, ஊசி போட்டாச்சுன்னு தண்ணி தட்டை மறுபடி ஒண்ணா வச்சுடாதீங்க.