36 கம்பி சைக்கிள் பின் சக்கரம்: மூன்று குறுக்குப் பின்னல்

ஹப்பின் (சக்கரத்தின் நடு உருளை) ஒவ்வொரு பக்கத்திலும் 18 துளைகள். வலப்பக்கத்தில் ஒன்றுவிட்டு ஒன்றாக 9 ஸ்போக்குகளை (கம்பிகளை) வெளியிலிருந்து உள்ளே செருகுங்கள். முதல் ஸ்போக் வால்வு துளையை ஒட்டி, வலம் சாய்ந்திருக்கும் ரிம் (வெளி வளையம்) துளைக்குப் போகும். அடுத்தவை மும்மூன்று துளை விட்டு. கம்பியின் நுனியை ரிம்மில் பிடிக்கும் நிப்பிளை இரண்டு மூன்று சுற்று மட்டும் திருகுங்கள்.

அடுத்து இடப்பக்க 9. இரு பக்கத் துளைகளும் நேருக்கு நேர் இருக்காது, அரைத் துளை தள்ளியிருக்கும். பெரும்பாலான தவறு இங்கேதான்: ஒரு துளை மாறினாலும் கடைசியில் சில கம்பிகள் எட்டாது, சில நீண்டு நிற்கும். இந்த ஒரு இடத்தில் அவசரமே வேண்டாம்.

இனி ஹப்பைத் திருப்புங்கள்; வால்வை ஒட்டிய முதல் கம்பி அதைவிட்டு விலகிச் சாய வேண்டும். எதிர்த்திசையில் திருப்பினால் வால்வுக்கு மேல் கம்பிகள் குறுக்கிட்டு, பம்பின் தலை நுழையாது.

மிச்ச ஸ்போக்குகள் உள்ளிருந்து வெளியே. ஒவ்வொன்றும் அதே பக்கத்தின் மூன்று கம்பிகளைக் கடக்கும்: முதல் இரண்டுக்கு மேலே (வெளிப்புறமாக), மூன்றாவதற்குக் கீழே (உட்புறமாக). அந்தக் கடைசிப் பின்னலை விட்டுவிடாதீர்கள். பாரம் ஏறும்போது தளரும் கம்பியை இழுத்துப் பிடிப்பது அதுதான்.

குறுக்கில்லாத நேர்ப்பின்னல் பின் சக்கரத்துக்கு ஆகாது. மிதிக்கும் முறுக்கை அது தாங்காது.