அட்டைப்பெட்டியும் கள்ளத்தராசுதான்

கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பு என்கிறது நீதிமொழிகள் 11:1. தராசில் கை வைக்காத கடைக்காரரும் மாட்டிக்கொள்வது ஸ்வீட் பெட்டியில். கிலோ 600 ரூபாய் மைசூர்பாகை 80 கிராம் பெட்டியோடு நிறுத்தால், 48 ரூபாய்க்கு அட்டையை விற்றிருக்கிறோம். ‘எல்லாக் கடையிலும் அப்படித்தானே’ என்ற பேச்சை விட்டுவிடுங்கள்.

காலிப் பெட்டியை மூடியோடு தட்டில் வையுங்கள். பெட்டி எடையைக் கழிக்கும் டேர் பட்டனை அழுத்தி, 0 வந்தபின் நிரப்புங்கள். மூடியை மறந்துவிட்டுக் கடைசியில் மூடி நிறுப்பதுதான் அவசரத்தில் நடக்கும் தவறு. பெட்டிக்காசு கட்டுப்படியாகவில்லை என்றால் விலைப்பலகையிலேயே கூட்டி எழுதுங்கள். நாலு பேர் பக்கத்துக் கடைக்குப் போகத்தான் செய்வார்கள். 1 தீமோத்தேயு 6:6 சொல்லும் ‘போதுமென்கிற மனது’ தேவைப்படுவது அப்போதுதான்.

காலையில் கடை திறந்ததும் முத்திரையிட்ட 1 கிலோ எடைக்கல்லை வைத்துப் பாருங்கள். ஃபேன் காற்றும் சாய்ந்த மேசையும் தராசு காட்டும் எடையை மாற்றிவிடும். எலக்ட்ரானிக் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை மறுமுத்திரை, அதாவது அரசு சோதனை செய்து மீண்டும் முத்திரை வைப்பது, கட்டாயம். சான்றிதழை வாடிக்கையாளர் கண்ணில் படும்படி மாட்டுங்கள்.