பாளையக்காரர் போர்: வாசிக்க வைத்து, எழுத வைத்துக் கற்பிக்கும்போது தவிர்க்க வேண்டியவை

கட்டபொம்மனைப் பற்றி எழுதச் சொன்னால் பாதி வகுப்பு சினிமா வசனத்தை எழுதும். அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு நகர்வது தவறு. கலெக்டர் ஜாக்சனைக் கட்டபொம்மன் 1798 செப்டம்பரில் ராமநாதபுரத்தில் சந்தித்தது நடந்தது. வசனம் பிற்காலத்தில் எழுதப்பட்டது. இரண்டையும் அருகருகே வைத்து, யார் எழுதியது, எப்போது, யாருக்காக என்று மாணவர்களையே கேட்க விடுங்கள்.

அடுத்த தவறு, 1799 அக்டோபர் 16இல் கயத்தாற்றுத் தூக்கோடு பாடத்தை முடிப்பது. 1801 பிப்ரவரியில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, இடிந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மறுபடி எழுப்பினார். அதே ஆண்டு அக்டோபர் 24இல் சிவகங்கைச் சீமையின் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். இந்த இரண்டாம் கட்டத்தில்தான் வாசிக்கத் தகுந்த அருமையான ஆவணம் கிடைக்கிறது: வெள்ளையரை எதிர்த்து எழ மக்களை அழைத்துச் சின்ன மருது வெளியிட்ட 1801 ஜூன் 16ஆம் தேதி திருச்சி அறிக்கை.

அதை முழுவதும் ஒரே வகுப்பில் ஓட்டிவிடாதீர்கள், பத்து வரி போதும். வெள்ளையரைச் சாடும் வரிகளை மட்டும் அடிக்கோடிடும் மாணவர், அவர்களுக்கு இடம் கொடுத்த ஆற்காட்டு நவாபு மீது மருது வைக்கும் குற்றச்சாட்டைத் தவறவிடுவார். இது திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கத்திலும் சுவரில் ஒட்டிய தாள் என்பதையும் மறக்க விடக்கூடாது. கிழிப்பவருக்குப் பாவம் சேரும் என்ற எச்சரிக்கை ஏன்? படிக்கத் தெரியாதவருக்குச் செய்தி எப்படிப் போயிருக்கும்? இங்கே அவசரப்பட வேண்டாம். ஒரு முழு வகுப்பு நேரத்தையும் கொடுக்கலாம்.

'எதிரி எழுதியது' என்று கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளின் குறிப்புகளை ஒதுக்குவதும் நஷ்டமே. சின்ன மருதுவிடம் வேல் எறியக் கற்றதாக கம்பெனிப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் எழுதியிருக்கிறார். அவரே மருதுவை எதிர்த்த படையில் இருந்தவர்; நூல் வெளிவந்தது 1830இல். இந்த இரண்டு விவரங்களையும் சொல்லாமல் பகுதியை மட்டும் கொடுத்தால், மாணவர் அதை நேற்றைய நாளிதழ்ச் செய்திபோல நம்பிவிடுவார்.

எழுத்துப் பயிற்சியில் 'நீ ஊமைத்துரையாக இருந்தால்' என்ற தலைப்பு வெறும் வீர முழக்கத்தையே வரவழைக்கும். மாறாக, அறிக்கையைக் கேட்ட ஸ்ரீரங்கத்துக் கடைக்காரர் உறவினருக்கு எழுதும் கடிதம் என்று கொடுங்கள். 120 சொற்கள்; தேதி 1801 ஜூன் 20; அறிக்கையிலிருந்து இரண்டு விவரங்கள் கட்டாயம். அக்டோபரில் நடந்தது அவருக்குத் தெரியாது, 1947ம் தெரியாது. திருத்தும்போது நடைக்கு முன்னால் இதைப் பாருங்கள்: தேதியை மீறிய ஒவ்வொரு வரியையும் வட்டமிட்டு, மாணவரிடமே மாற்றி எழுதக் கொடுங்கள்.